ஒன்றாம் பொருளும் 'இதர' பொருளும்

கேள்வி இது: "ஊடகத்துக்கு ஒரு அஜெண்டா, கட்சிக்கு ஒரு அஜெண்டா, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு அஜெண்டா என்கிறார்களே, அது நிஜத்தில் எப்படி வேலை செய்கிறது? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து உதாரணங்களோடு விளக்க முடியுமா?"

முடியும். ஆனால் அந்தச் சொல்லை முதலில் சதியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். 'அவனுக்கு ஒரு அஜெண்டா இருக்கு' என்று பேச்சில் சொன்னால் உள்நோக்கம் இருக்கிறது என்று பொருள். அலுவலகத்தில் அஜெண்டா என்றால் கூட்டப் பொருள்: எதை முதலில் எடுப்பது, எதை அடுத்து எடுப்பது என்கிற வரிசை. இந்த இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டு போனால் விஷயம் விளங்கும். ஒரு பொய்கூடச் சொல்லாமல், வரிசையை மட்டும் மாற்றி ஒரு மாவட்டத்தையே வேறு பக்கம் பார்க்கவைக்கலாம்.

கண்ணெதிரே நடப்பது கிராம சபை. ஆண்டுக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டப் பொருள் பட்டியல் பெரும்பாலும் சென்னையில் ஊரக வளர்ச்சித் துறையில் தயாராகி, மாவட்டம், ஒன்றியம் என இறங்கி ஊராட்சிச் செயலர் கைக்கு வரும். வரவு செலவு, நூறு நாள் வேலை, குடிநீர் இணைப்பு, வீடு கட்டும் திட்டம், டெங்கு தடுப்பு, நெகிழி ஒழிப்பு என்று போய், கடைசி வரியில் 'இதர பொருள்கள்'. பென்னாகரம் ஒன்றியத்தில் ஏதோ ஒரு குக்கிராமத்தில் போர்வெல் வற்றி மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த ஊருக்கு அதுதான் ஒன்றாம் பொருள், பட்டியலில் அது 'இதர'. அந்த வரி வருவதற்குள் வெயில் ஏறிவிடும், கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய பற்றாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், நூறு நாள் வேலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். பேசாதே என்று யாரும் சொல்லவில்லை. நேரம் தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

பத்திரிகையின் மாவட்டப் பக்கமும் இப்படித்தான் நிரம்புகிறது. விளம்பரம் போக மிச்சம் இருக்கும் இடம்தான் செய்திக்கு. அந்த இடத்தை நிரப்பச் சாயங்காலத்துக்குள் தானாக வந்து சேருபவை சில உண்டு: செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தின் செய்திக் குறிப்பு, போலீஸ் தரும் வழக்கு விவரம், கட்சிக்காரர்கள் படத்தோடு அனுப்பும் அறிக்கை. எல்லாம் தட்டச்சு செய்தே வரும், செலவு கிடையாது. சித்தேரி மலைக்கு ஏறி ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து எழுத ஒரு முழு நாளும் வண்டிக்குப் பெட்ரோலும் வேண்டும். தாலுகா அளவில் வேலை பார்ப்பவர்களில் பலர் பகுதி நேர நிருபர்கள். தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் பல இடங்களில் அவர்கள் தலையில்தான். எந்த ஜவுளிக்கடையிடம், எந்தப் பள்ளியிடம் விளம்பரம் கேட்கப் போகிறாரோ, அதைப் பற்றி அவர் எப்படி எழுதுவார்? முதலாளி கூப்பிட்டு 'இதை எழுதாதே' என்று சொல்லும் சம்பவங்களைவிட, இப்படிச் செலவும் சங்கடமும் பார்த்துத் தானாகக் கைவிடப்படும் செய்திகள்தான் பல மடங்கு அதிகம். 1950இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டேவிட் மானிங் ஒயிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு சிறு நகரப் பத்திரிகையின் செய்தி ஆசிரியர் மேசைக்கு ஒரு வாரத்தில் வந்த தந்திச் செய்திகளை எடுத்துப் பார்த்தார். பத்தில் ஒன்பது பங்கு குப்பைக்கூடைக்குப் போயிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு வந்த பதில்களில் 'இடமில்லை' என்பதும் 'எனக்குச் சுவாரசியமாகப் படவில்லை' என்பதும் கலந்திருந்தன.

இப்படி வடிகட்டி வருவது வாசகன் தலைக்குள் என்ன செய்கிறது என்பதை 1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ், டொனால்டு ஷா இருவரும் அளந்து பார்த்தார்கள். சாப்பல் ஹில் என்ற ஊரில், யாருக்கு ஓட்டு என்று முடிவு செய்யாத 100 வாக்காளர்களிடம் நாட்டின் முக்கியப் பிரச்சினை எது என்று கேட்டார்கள். இன்னொரு பக்கம் அந்த ஊர்க்காரர்கள் பார்த்த ஊடகங்கள் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்று எண்ணினார்கள். இரண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தன. 1972இல் அந்த ஆய்வு வெளியானது. பலரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். ஊடகம் சொன்ன *கருத்தை* மக்கள் அப்படியே ஏற்றார்கள் என்று அது சொல்லவில்லை. எது முக்கியம் என்பதை ஊடகத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் கண்டது. நம் ஊர் டீக்கடையில் டிவி விவாதத்தைத் திட்டித் தீர்ப்பவரும், அன்று டிவியில் ஓடிய விஷயத்தைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் ஒகேனக்கல்லைவிட நல்ல பாடம் கிடையாது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு இங்கே பல தலைமுறைத் துன்பம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. அதற்கு மேலே போனால், நிரந்தரப் பல் உருவாகும் வயதிலேயே குழந்தையின் பல்லில் காவிக் கறை படியும். நெடுநாள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். இவ்வளவு இருந்தும் அது மாநிலச் செய்தியாக வெகு காலம் ஆகவில்லை. காரணம் எளிது: பல்லில் கறை ஒரே நாளில் வருவதில்லை, அதனால் அதற்குத் தேதி கிடையாது. தேதி இல்லாததைச் செய்தியாக்க நிருபருக்குக் கொக்கி, அதாவது 'இதை இன்றைக்கு எழுத' என்கிற ஒரு சாக்கு, கிடைக்காது.

2008 பிப்ரவரி 26 அன்று, காவிரித் தண்ணீரை இந்த மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக்கு முதல்வர் கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பான் வங்கிக் கடன், மதிப்பீடு 1,334 கோடி ரூபாய். 1998இலேயே மத்திய அரசு வழியாக ஒப்புதல் வந்திருந்த திட்டம்தான் அது. அடுத்த மாதம் கர்நாடக பா.ஜ.க.வின் எடியூரப்பா ஒகேனக்கல்லுக்கே வந்து எதிர்ப்புத் தெரிவித்தார். மே மாதம் கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெங்களூரில் தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் தாக்கப்பட்டன, சென்னையில் ஏப்ரல் 4 அன்று திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. மறுநாளே, கர்நாடகத்தில் புதிய அரசு அமையும்வரை திட்டத்தை நிறுத்தி வைப்பதாகக் கருணாநிதி அறிவித்தார். பிறகு வேலை நடந்து, 2013இல் ஜெயலலிதா ஆட்சியில் தொடங்கி வைக்கப்பட்டது.

அந்த ஆறு வாரத்தில் 'ஒகேனக்கல்' எத்தனை முறை தலைப்புச் செய்தியில் வந்தது, 'புளோரைடு' எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள், பழைய தாள்கள் நூலகத்தில் கிடைக்கும். திட்டத்தின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'புளோரோசிஸ் (புளோரைடால் வரும் நோய்) பாதிப்புக் குறைப்பு' என்ற பாதி உண்டு. செய்தியில் புழங்கியது 'கூட்டுக் குடிநீர்த் திட்டம்' மட்டும்தான். குழந்தையின் பல்லாகவும் கிழவியின் முழங்காலாகவும் இருந்த பிரச்சினை, எல்லையாகவும் மொழியாகவும் மானமாகவும் மாறிப்போனது. அப்படி மாறியதால்தான் அதற்கு மாநிலம் முழுக்கக் கவனம் கிடைத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் எல்லைத் தகராறு அடங்கியதும் கவனமும் அடங்கியது. எந்தக் குடியிருப்புக்குக் காவிரித் தண்ணீர் தினமும் வருகிறது, எங்கே பழைய போர்வெல் தண்ணீரைக் கலந்து விடுகிறார்கள் என்கிற கேள்விகள் மறுபடி 'இதர' பொருளுக்குப் போய்விட்டன.

ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வைப்பது இன்னொரு வேலை. 2018இல் சென்னை – சேலம் இடையே 277 கிலோமீட்டர் சாலை அறிவிப்பு வந்தபோது அரசுத் தரப்பு அதைப் 'பசுமை வழிச்சாலை' என்றது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் நிலத்தில் கல் நடப்பட்ட விவசாயிகளுக்கு அது 'எட்டு வழிச்சாலை'. முதல் பெயரைச் சொல்லிவிட்டு அதை எதிர்ப்பது கஷ்டம், பசுமையை யார் எதிர்ப்பது? இரண்டாவது பெயரில் அகலம் தெரிகிறது, எத்தனை ஏக்கர் போகும் என்ற கேள்வி கூடவே வருகிறது. எந்தச் செய்தி எந்தப் பெயரைப் போட்டது என்று பார்த்தாலே அது யாருடைய குறிப்பை வைத்து எழுதப்பட்டது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். இதைவிட நஞ்சான உதாரணம் 'நாடகக் காதல்': தலித் இளைஞர்கள் பிற சாதிப் பெண்களைக் காதலிப்பதுபோல் நடித்து ஏமாற்றுகிறார்கள் என்று குற்றம் சாட்டும் சொல். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அதன்பின் நடந்த விவாதங்களில் எரிந்த வீடுகளைவிட, அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்ட சாதி மறுப்புக் கல்யாணம் அதிகம் பேசப்பட்டது. 'நாடகக் காதல்' என்ற இரண்டு சொல்லும் தீர்ப்பை உள்ளே வைத்துக்கொண்டே வருகின்றன. அதைப் பயன்படுத்தி ஒரு கேள்வி கேட்டாலே பாதி பதில் சொல்லியாகிவிட்டது.

யாருடைய கண்ணிலிருந்து பார்ப்பது என்பதற்குத் தக்காளி போதும். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது தேசமே பேசியது. சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க ஏற்பாடானது. பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் விலை சரிந்து, பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் செடியிலேயே விடுகிற நாட்கள் அதைவிட அதிகம். அப்போது வருவது மாவட்டப் பக்கத்தில் ஒரு படம், 'தக்காளி விலை வீழ்ச்சி: விவசாயிகள் வேதனை'. இந்த 'வேதனை' ஒரு தயார் அச்சு. தக்காளிக்குப் பதில் மாங்காய், பூ, முள்ளங்கி என்று மாற்றிக்கொண்டால் ஆயிற்று. வேதனை என்று போட்டவுடன் அது வானிலை போல ஆகிவிடுகிறது, யாரும் பொறுப்பில்லை. விலையை எந்த நேரத்தில் யார் சொல்கிறார், கமிஷன் எவ்வளவு, குளிர்பதனக் கிடங்கில் இடம் இருந்ததா, கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காய்க்கு என்ன விலை ஒப்புக்கொண்டன என்பதெல்லாம் 'வேதனை'க்குள் அடங்காது. சாப்பிடுகிறவர்கள் நகரத்தில் கூட்டமாக இருக்கிறார்கள், டிவி பார்க்கிறார்கள், விளம்பரப் பொருள் வாங்குகிறார்கள். விளைவிக்கிறவர்கள் தனித்தனியாக மண்டிக்கு வந்து போகிறார்கள். செய்தியின் அளவு இந்த வித்தியாசத்தைப் பின்தொடர்கிறது.

கட்சிகளின் அஜெண்டாவைப் படிக்க, உள்ளடக்கத்துக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். வன்னியர்களுக்கு 10.5 சதவீத உள் ஒதுக்கீட்டு மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது 2021 பிப்ரவரி 26. அதே நாளில்தான் தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அதே ஆண்டு நவம்பர் 1 அன்று ரத்து செய்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, போதிய தரவு இல்லை என்பது முக்கியக் காரணம். கோரிக்கை சரியா தவறா என்பது வேறு வாதம். பல ஆண்டுக் கோரிக்கை ஒன்று, தரவு திரட்ட நேரம் இருந்த காலத்தில் வராமல் கடைசி மணி நேரத்தில் வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. மொரப்பூர் – தர்மபுரி ரயில் பாதையும், கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலும் இதே ரகம். தேர்தல் வந்தால் அவற்றுக்கு உயிர் வரும்.

இதுவரை சொன்னது பட்டியலில் இருப்பவற்றின் வரிசை. பட்டியலுக்குள்ளேயே விடாமல் வைப்பது இன்னொரு அதிகாரம். 1962இல் பீட்டர் பக்ரக், மார்ட்டன் பராட்ஸ் என்ற இருவர் இதை எழுதினார்கள்: முடிவெடுப்பது மட்டும் அதிகாரமல்ல, ஒரு விஷயம் முடிவுக்கே வராமல் பார்த்துக்கொள்வதும் அதிகாரம். வாச்சாத்தி அப்படி இருந்திருக்க வேண்டியது. 1992 ஜூன் 20 அன்று அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த மலைவாழ் மக்கள் ஊருக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். சொல்லப்பட்ட காரணம் சந்தன மரக் கடத்தல். வீரப்பன் பெயர் தினமும் தாளில் வந்துகொண்டிருந்த காலம், 'சந்தனம்' என்ற ஒரு சொல் போதும், ஊரே குற்றவாளி. வீடுகள் நொறுக்கப்பட்டதும், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதும் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடந்தன. அதை வெளியே இழுத்தது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். பிறகு தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணைய விசாரணை, உயர் நீதிமன்றம், சிபிஐ. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023இல் அதே செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. 19 ஆண்டு அந்த விஷயம் சாகாமல் இருந்ததற்கு ஊர்ப் பெண்களின் உறுதி முதல் காரணம். அடுத்தது, ஒவ்வொரு வாய்தாவும் ஒரு தேதி, ஒவ்வொரு தேதியும் செய்திக்கு ஒரு கொக்கி. புளோரைடுக்கு இல்லாதது அதுதான்.

வாட்ஸ்அப், யூட்யூப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அங்கே வரிசையைப் போடுவது ஆசிரியர் மேசையல்ல, எதை விடாமல் பார்க்கிறோம், எதை அனுப்புகிறோம் என்கிற கணக்கு. பயமும் கோபமும் அதில் முந்தும். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. வேறு எங்கோ, எப்போதோ எடுத்தவை. ஹோலிக்கு ஊருக்குப் போகும் கூட்டம்கூட ஓடிப்போகும் கூட்டமாகக் காட்டப்பட்டது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போகவேண்டி வந்தது. ஓசூர் மாதிரி, ஆலை ஓடுவதே வெளியூர்க்காரர்கள் கையால் என்கிற ஊரில் இப்படி ஒரு வதந்தி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சொந்தமாகச் சோதித்துப் பார்க்க விரும்பினால் ஒரு நாற்பது பக்க நோட்டு, ஒரு அளவுகோல், 30 நாள் போதும். இரண்டு நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரி: தேதி, பக்கம், எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் உயரம், செய்தி எங்கிருந்து வந்தது (செய்திக் குறிப்பா, போலீஸா, கட்சி அறிக்கையா, நிருபர் நேரில் போனாரா), எதிர்த்தரப்பின் ஒரு வாக்கியமாவது இருக்கிறதா. அகலத்தை உயரத்தால் பெருக்கினால் இடத்தின் அளவு வந்துவிடும். மாதக் கடைசியில் எந்த மூலத்திலிருந்து எவ்வளவு இடம் என்று கூட்டுங்கள்.

இதில் வழக்கமாக நடக்கும் தப்புகள் மூன்று. தலைப்பை மட்டும் எண்ணுவது ஒன்று. எட்டுப் பத்தி செய்தியும் மூலையில் கிடக்கும் நாலு வரியும் ஒன்றாகிவிடும். ஒரே செய்திக் குறிப்பு இரண்டு தாளிலும் வந்ததைப் பார்த்து 'இரண்டு பத்திரிகையும் உறுதி செய்கின்றன' என்று நம்புவது அடுத்தது. வாக்கியம் வாக்கியமாக ஒத்துப்போனால் அது ஒரே மூலம், இரண்டல்ல. மூன்றாவதுதான் மோசம்: முன்னாலேயே முடிவு கட்டிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வெட்டுகளை மட்டும் ஒட்டி வைப்பது. அப்போது நோட்டில் பதிவாவது பத்திரிகையின் அஜெண்டா அல்ல, உங்களுடையது.

தேர்தல் மாதத்தில் செய்தால் கூடுதலாக இரண்டைப் பாருங்கள். எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு. இல்லாவிட்டால் அதுவே புகாருக்குப் போதும். வேட்பாளரைப் புகழ்ந்து எழுதிய 'செய்தி' வெவ்வேறு தாள்களில் ஒரே வாசகத்தோடு வந்தால் அது காசு கொடுத்து வந்த செய்தியாக இருக்கலாம். வெட்டி எடுத்துத் தேதியோடு மாவட்ட ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவுக்கு அனுப்பலாம். மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியர்தான் அதற்குத் தலைவர்.

கடைசியாக, உங்கள் ஊர் விஷயத்தைப் பட்டியலில் ஏற்றுவது எப்படி? திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் நூற்றுக்கணக்கான மனு வரும். மறுநாள் தாளில் வருவது மண்ணெண்ணெய் கேனோடு வந்தவர். ஜனங்கள் இதைப் புரிந்துகொண்டதால்தான் கேன் வருகிறது. அந்த வழி வேண்டாம். உயிருக்கு ஆபத்து, வழக்கும் விழும், செய்தியும் கேனைப் பற்றித்தான் இருக்கும், மனுவைப் பற்றி இருக்காது.

மெதுவான வழி இது. குடிநீர் என்றால் முதலில் அந்தத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் பரிசோதித்து எண்ணை வாங்குங்கள். 'தண்ணி சரியில்ல' என்பது புகார், 'லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்' என்பது செய்தி. அந்தத் தாளோடு கிராம சபைக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள், அப்போது அது பெயரோடு ஒரு பொருளாக வரும். 'இதர'வுக்காகக் காத்திருக்காமல் கூட்டம் தொடங்கியதுமே அந்தப் பொருளை முன்னால் எடுக்கச் சொல்லுங்கள். ஆட்கள் கலைவதற்கு முன் தீர்மான நோட்டில் எண் போட்டு எழுதச் சொல்லி வாசிக்கக் கேளுங்கள். 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் விடாதீர்கள், யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று இருக்க வேண்டும்.

பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, அந்தத் தீர்மானத்தின் நகலையும் அதன்மேல் எடுத்த நடவடிக்கையையும் கேளுங்கள். அலுவலகம் மாறிப்போயிருந்தாலும் 5 நாளில் சரியான இடத்துக்கு அவர்களே அனுப்ப வேண்டும். பதிலுக்குக் கெடு 30 நாள், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நிருபரிடம் போக வேண்டியது இந்தக் கெடு முடிந்த மறுநாள். ஆய்வக எண், தீர்மான எண், பதில் வராத தேதி மூன்றும் ஒரே தாளில் இருந்தால் அவர் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஊருக்கு வருவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.